கெட்டுப்போறதுக்கு ஒரு மாசம்

ஏலே பேராண்டி, இங்கன வா. அந்த நார்க்கட்டில இழுத்து வேப்பமரத்து நெழலுக்குள்ள போடு. அப்படியில்ல, இன்னுங் கொஞ்சம் கெழக்க. மத்தியானத்துக்கு மேல நெழலு கெழக்க நகந்துக்கிட்டே போவும், கட்டிலயும் கூடவே நகத்தணும். இந்த லீவுல ஒனக்குன்னு நான் வச்சிருக்கிற ஒடம்பு வேல அது ஒண்ணுதான்.

ஒங்கப்பன் நேத்து ராத்திரி போன் போட்டான். "பத்தாங்கிளாஸ் பரீட்ச முடிஞ்சிட்டுன்னு பய ஆட்டம் போடுவான்ப்பா, உருப்படியா எதாச்சும் செய்யச் சொல்லுங்க"ன்னான். ஒன் பையில ஒரு பட்டியலும் எழுதிக் குடுத்துவிட்டிருக்கானாமே. காலையில ஓட்டமாம், அப்புறம் ஸ்போக்கன் இங்கிலீஷாம், அப்புறம் பதினொண்ணாங்கிளாஸ் கணக்க இப்பவே தொடங்கணுமாம். எல்லாத்துக்கும் "சரிப்பா, சரிப்பா"ன்னேன். மறுத்துப் பேசினா போன வைக்க மாட்டான். அந்தப் பட்டியலப் பத்திரமா எடுத்து வையி. நாவல் படிக்கையில எந்தப் பக்கத்துல விட்டோம்னு அடையாளத்துக்கு ஒரு தாளு வேணும்லா?

முழிக்காத. நாவல்னுதான் சொன்னேன். அது எதுக்குன்னு கேப்பே. எதுக்குமில்ல. அதுதான் அதுல விசேசம்.

நாவல் படிச்சா புள்ளைக கெட்டுப்போகும்னு ஒரு காலத்துல பெரிய மனுசங்க எல்லாம் ஒத்தக் குரல்ல சொன்னாக. நூறு வருசம் இருக்கும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜூன்னு துப்பறியும் நாவல் எழுதுறவுக கெளம்பி வந்த நேரம். கொலை, களவு, ஆள்மாறாட்டம். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிஞ்சவுகல்லாம் அதுலயே விழுந்து கெடந்திருக்காக. காலம் வீணாப்போகும், மனசு கெட்டுப்போகும், முக்கியமா வீட்டுப் பொம்பளைக கெட்டுப்போவாகன்னு பத்திரிகையில எல்லாம் பொலம்பல். ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்'னு ஒரு புஸ்தகமே எழுதியிருக்காரு, அந்தக் காலத்து வாசிப்பையும் அதப் பாத்து வயிறெரிஞ்சவுக பேச்சையும் தேடி எடுத்து. அத வாசிச்சதும் எனக்கு ஒண்ணு வெளங்கிச்சு. நாவலுக்கு வாய்ச்ச நல்ல வெளம்பரம் அந்தப் பொலம்பல்தான். கெட்டுப்போகும்னு சொன்னா எவன்லே சும்மா இருப்பான்?

இதுல வேடிக்க என்னன்னா, தமிழ்ல மொத நாவல எழுதினவரே ஒரு முன்சீப்பு. மாயவரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879-ல அவரு எழுதின 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாச்சு. காலமெல்லாம் கோர்ட்டுல உக்காந்து, கண்டவன் சொல்லுத பொய்யெல்லாம் கேட்டுக் கேட்டு, 'இவனுகளுக்குப் பொய்யக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல, நான் சொல்லுதேன் பாரு'ன்னு பேனாவ எடுத்துட்டாரு போல. இது என் தீர்ப்பு. அப்பீலு கெடையாது.

அடுத்து வந்தவரு ராஜம் ஐயர். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893-ல பத்திரிகையில தொடரா வர ஆரம்பிச்சப்ப அவருக்கு வயசு 21. ஒங்கப்பன் அந்த வயசுல வேலைக்கு மனுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். பாவம், ராஜம் ஐயர் 26 வயசுல போயிச் சேந்துட்டாரு. வை.மு. கோதைநாயகி அம்மா இருந்தாகளே, அவுக பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. சின்னப் புள்ளையிலேயே கல்யாணம். மொதல்ல அவுக வாயால சொல்லச் சொல்ல, தோழி ஒருத்தர் எழுதிக்கிட்டாக. பெறவு 'ஜகன்மோகினி'ன்னு ஒரு பத்திரிகையவே நடத்தி, 115 நாவல் எழுதித் தள்ளிட்டாக. பொம்பளைக கெட்டுப்போவாகன்னு சொன்ன பெரிய மனுசங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு.

அப்ப இருந்த தொந்தரவு அது. இப்ப இருக்கிறது அதவிட மோசம். யாரும் தடுக்க மாட்டேங்காக! தடுக்காததோட நிக்காம, 'படி, படி'ங்காக. வாசிப்பு நல்ல பழக்கமாம். வாசிச்சா சொல்வளம் பெருகுமாம், கவனம் கூடுமாம், பரீட்சையில கட்டுர நல்லா வருமாம். ஒரு காரியத்த நாசமாக்கணும்னா அத நல்ல பழக்கம்னு சொல்லிப்புட்டாப் போதும். சீட்டாட்டத்தப் பாடத்திட்டத்துல சேத்துப் பாரு, ஒரே வருசத்துல நம்ம ஊரு மடத்துல ஒருத்தன் உக்கார மாட்டான்.

ஒங்கத்தை இருக்காளே, எம் மகதான், நல்லவதான், ஆனா டீச்சரு. அவ வந்தா ஒரு தாள நீட்டுவா. புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், கடைசியில 'இக்கதையிலிருந்து நீ அறிந்துகொண்ட நீதி'. அந்தக் கடைசிக் கோட்டுக்கு நேரா நீ என்னலே எழுதுவே? 'பொன்னியின் செல்வ'னயே எடுத்துக்கோ. வந்தியத்தேவன் ஒரு குதிரைய வச்சுக்கிட்டு ஊரு ஊராச் சுத்துதான். தனக்குச் சம்பந்தமில்லாத எடத்துல எல்லாம் ஒட்டுக் கேக்கான். வாயத் தொறந்தாப் பொய்யி. நாலு பக்கத்துக்கு ஒரு தடவ மாட்டிக்கிடுதான், அடுத்த பக்கத்துல தப்பிக்கான். இம்புட்டும் பண்ணினவனுக்குக் கடைசியில கெடைக்கிறது சோழராசா மக குந்தவையோட மனசு. நீதிய எழுது பாப்போம். 'ஊர் வம்பில் தலையிடுக, நன்மை உண்டாகும்'னு எழுதிக் குடு, ஒங்கத்தை மூஞ்சிய நான் பாக்கணும்.

அதனால, நான் சொல்லுத ஒரே வழி, களவாப் படிக்கிறதுதான். பதினொண்ணாங்கிளாஸ் கணக்குப் புஸ்தகம் வாங்கியிருக்கேல்லா? நல்ல அகலமா, பெரிசா அடிச்சிருக்காங்க. அரசாங்கம் எம்புட்டு யோசிச்சுச் செஞ்சிருக்கு பாரு, 'பொன்னியின் செல்வன்' ஒரு பாகம் அதுக்குள்ள பாங்கா அடங்கும். ஒங்கப்பன் வீடியோ காலு போட்டா, கணக்கு அட்டையும் ஒன் நெத்திச் சுருக்கமும் மட்டும் தெரியுத மாதிரி புடி. நடுவுல திடீர்னு சிரிச்சுத் தொலைக்காத. கணக்குல சிரிக்க ஒண்ணுமில்லன்னு அவனுக்கும் தெரியும்.

படத்துலதான் பாத்துட்டேனேம்பே. 2022-ல ஒண்ணு, 2023-ல ஒண்ணு, ரெண்டையும் பாத்தாச்சு, கதை தெரியும்பே. கதை தெரிஞ்சா என்னலே? மணிரத்னம் காட்டினத நான் கொறை சொல்லல. குதிர நல்லா ஓடிச்சு. ஆனா ரெண்டு படமும் சேந்து ஒரு பகப் பொழுதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கல்கி அத 1950 அக்டோபர் கடைசியில தொடங்கி 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதினாரு. ஒரு அத்தியாயம் முடியுத எடத்துல ஒருத்தன் கைய வாளு மேல வச்சா, அந்த வாளு ஒறையில இருந்து வர ஏழு நாளு ஆகும். அந்த ஏழு நாளும் நாடு முழுக்க எவனாச்சும் ஒருத்தன் அந்த வாளப் பத்தித்தான் பேசிக்கிட்டிருப்பான். ஒங்க படத்துல அதுக்கு எடமேது? பாப்கார்ன் தீரதுக்குள்ள வாளு வந்துரும்.

அந்தத் தொடர் ஓடினப்ப நான் எழுத்து படிக்கிற வயசில்ல. எனக்குக் கெடச்சது எங்க பெரியப்பா வீட்டு பைண்டு. அந்தக் காலத்துல ரசனையான வீட்டுல எல்லாம் பாக்கலாம். வார இதழ்ல இருந்து தொடரத் தனியாப் பிரிச்சு எடுத்து, அடுக்கி, கோணி ஊசியால தச்சு, அட்ட ஒட்டி வச்சிருப்பாக. கடையில விக்கிற புஸ்தகம் அதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. ஒரு பக்கம் நந்தினி பேசிக்கிட்டிருப்பா, அதுக்குப் பின்பக்கம் கூந்தல் தைல வெளம்பரம். இன்னொரு பக்கம் மணியம் போட்ட படம் இருக்கணும், இருக்காது, எவனோ பிளேடால நறுக்கி எடுத்திருப்பான். எந்தப் படம்னு சொல்லணுமா? பூங்குழலி படகு தள்ளுத படமாத்தான் இருக்கும். எங்க பெரியப்பா பைண்டுல நடுவுல சில வாரம் இல்ல. இரவல் வாங்கினவுக திருப்பித் தரல. வந்தியத்தேவன் எலங்கைக்குப் போனான்னு இருக்கும், அடுத்த பக்கம் பாத்தா வேற எங்கயோ நிப்பான். நடுவுல என்ன நடந்துச்சுன்னு நானே கட்டினேன். நான் கட்டின கதையில நாலு சண்ட கூடுதல். பின்னால முழுப் புஸ்தகம் கையில கெடச்சு வாசிச்சப்ப, கல்கி அந்த எடத்துல கொஞ்சம் சொதப்பிட்டாருன்னுதான் பட்டுச்சு.

மொத அத்தியாயத்துலயே ஆடிப் பதினெட்டு வரும். வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரை மேல குதிரையில வாரான். இப்ப நீங்க வீராணம்னு சொல்லுத ஏரிதான், சென்னைக்காரன் குடிக்கத் தண்ணி போகுதே, அது. 74 கணவாய்னு எண்ணிக்கையோட சொல்லுவாரு. நம்ம வறண்ட காட்டுல உக்காந்து அம்புட்டுத் தண்ணிய வாசிக்கையில வயித்தெரிச்சலா இருக்கும், வாசி. நடுநடுவுல கல்கி கதைய நிறுத்திட்டு சோழர் பரம்பர, பாண்டியர் பரம்பர, கல்வெட்டுன்னு பாடம் நடத்த ஆரம்பிப்பாரு. அப்ப என்ன பண்ணணும்? தாண்டிப் போயிரணும்லே. தயங்காத. பாதிக் கதை போன பெறவு, 'யாரு இந்த வீரபாண்டியன், எதுக்கு இவனுக இப்படிக் கருவுதானுக'ன்னு ஒனக்கே நமநமன்னு வரும். அப்ப நீயே திரும்பி வந்து அந்தப் பாடத்த வரி விடாம வாசிப்பே. ஒங்கத்தை அடிச்சுச் சொல்லிக் குடுத்தாலும் ஏறாத சரித்திரம் அப்ப ஏறும்.

முடிவு தெரிஞ்சுக்கிடணும்னு ஆசப்பட்டு அஞ்சாம் பாகத்துக் கடைசிக்கு ஓடாத. ஓடினாலும் பிரயோசனமில்ல. ஆதித்த கரிகாலனக் கொன்னது யாருன்னு கல்கி ஒடச்சுச் சொல்லாமயே விட்டுட்டுப் போயிட்டாரு. காட்டுமன்னார்கோயில் பக்கத்துல ஒடையார்குடிக் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, அதுல ரவிதாசனும் அவன் கூடப் பொறந்தவுகளும் துரோகின்னு பேரோட இருக்கு. இருந்தும் நம்ம டீக்கடையில நந்தினின்னு ஒரு கட்சி, பழுவேட்டரையர்னு ஒரு கட்சி. ஒரு தடவ அது கைகலப்பு வரைக்கும் போச்சு. ஆயிரம் வருசத்துக்கு முந்தி நடந்த கொலைக்கு இன்னிக்கும் சண்ட போடுத பயலுக, சொந்த ஊரு பஞ்சாயத்துக் கணக்கக் கேக்க மாட்டானுக.

ஒங்காச்சி கண்ணு கெட்டுப்போகும், கெட்டுப்போகும்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கண்டுக்காத. போன சித்திரையில திண்ணையில உக்காந்து புளி தட்டிக்கிட்டு இருந்தா. நான் எனக்கு நானே வாசிக்கிற மாதிரி கொஞ்சம் சத்தமா வாசிச்சேன். அவ கண்டுக்காத மாதிரி கொட்டைய எடுத்துக்கிட்டே இருந்தா. நான் வேணும்னே நிறுத்திட்டு வெத்தலப் பொட்டியத் தேடினேன். "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டயா, அந்தச் சிறுக்கி நந்தினி என்ன ஆனா"ங்கா. அன்னிக்கு ராத்திரி சோறு கொழைஞ்சுபோச்சு. நூறு வருசத்துக்கு முந்தின பெரிய மனுசங்க சொன்னது ஒரு வகையில சரிதான்.

பொன்னியின் செல்வன் தண்டியா இருக்கேன்னு மலைச்சேன்னா, சின்னதுல ஆரம்பி. பஸ் ஸ்டாண்டுக் கடையில தொங்குமே, ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர். கோயில்பட்டியில ஏறி மதுர மாட்டுத்தாவணியில எறங்குததுக்குள்ள கொலையும் நடந்து ஆளும் புடிபட்டிருவான். சுஜாதாவோட கணேஷ்-வஸந்த் கெடச்சா விடாத. அந்த வஸந்த் பய வாய்க்கொழுப்பு ஒனக்குப் பிடிக்கும். இதெல்லாம் கொறச்சல்னு எவனாச்சும் சொன்னா, அவன் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கோ. நான் எடுத்த எடுப்புலயே தி. ஜானகிராமன்தான் வாசிச்சேன்னு சொல்லுதவன் வீட்டுப் பரண்ல ஏறிப் பாரு, முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி படுத்துக் கெடப்பான். சிவகாசியில 1972-ல வந்த அந்த மாயாவிதான் இந்தப் பக்கத்துல பாதி இலக்கியவாதிக்கு அரிச்சுவடி. ஒங்கம்மா மெத்தைக்கு அடியில ரமணிசந்திரன் இருக்கும். அத எடுத்தது தெரிஞ்சா வீட்டுல சண்ட வரும், எடுத்த எடத்துல வச்சிரு.

ஜானகிராமன் பேரச் சொல்லிட்டேன். 'மோகமுள்'ளு ஒனக்கு இப்ப வேண்டாம். கும்பகோணம், பாட்டு, பாபுன்னு ஒரு பையன், அவனவிட மூத்த பொண்ணு யமுனா. ஒனக்கு இன்னும் வயசு வரல. பித்தள கைப்பிடி போட்ட அலமாரியில, மேத்தட்டுல, பஞ்சாங்கத்துக்குப் பின்னால இருக்கு. சாவி எரவானத்துல. நீ தொடக் கூடாதுன்னுதான் இம்புட்டு வெவரமாச் சொல்லுதேன்.

ஊரு நாவலுக்கு வருவோம். நீ டவுனுல வளந்த பய, இந்த மண்ண வறண்ட காடுன்னு நெனச்சுக்கிட்டிருக்கே. கோயில்பட்டிக்குத் தெக்க, திருநெல்வேலி ரோட்டு மேல இடைசெவல்னு ஒரு ஊரு. பஸ்ஸு ஒரு நிமிசம் கண்ண மூடினாத் தாண்டிப்போயிரும். அந்த ஒத்த ஊருல கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன்னு ரெண்டு பேரு சாகித்ய அகாதெமி வாங்கியிருக்காக. 1970-ல ஒருத்தரு, 1991-ல ஒருத்தரு. பெறவு பூமணிக்கு 2014-ல, சோ. தர்மனுக்கு 2019-ல, ரெண்டு பேரும் இதே சுத்துப்பட்டுதான். மழயத் தவிர மத்ததெல்லாம் இங்க வெளையுது. கி.ரா. பள்ளிக்கூடத்துப் படிப்ப முடிக்காதவரு. பின்னால புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல கூப்பிட்டுப் பேராசிரியரா உக்கார வச்சாக. இத ஒங்கப்பன்கிட்ட சொல்லிறாத, மனசு ஒடஞ்சுபோவான்.

அவரு எழுதின 'கோபல்ல கிராமம்' வாசி. தெலுங்கு தேசத்துல இருந்து தப்பிச்சு ஓடி வந்த கூட்டம் ஒண்ணு இந்தக் காட்ட அழிச்சு ஊராக்குன கதை. நம்ம தாத்தனுக்குத் தாத்தன் பட்டபாடெல்லாம் அதுல வரும். வாசிச்சிட்டு வெளிய வந்து பாரு, இந்த ஓடையும் கருவேலங்காடும் வேற மாதிரித் தெரியும். சோ. தர்மனோட 'சூல்' ஒரு கண்மாயோட கதை. ஊரே கூடிக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தின தண்ணிய, ஊரே எப்படிக் கைகழுவி விட்டுச்சுன்னு சொல்லும். அத வாசிச்சிட்டு நம்ம கண்மாயப் போயிப் பாத்துட்டு வா. ரெண்டு நாளு யாரு கூடயும் பேசாத.

பூமணியோட 'வெக்கை'ய மட்டும் கத்திரி வெயில்ல வாசி. 'அசுரன்'னு படமா எடுத்தாகளே, 2019-ல, அதுக்கு மூலம் இதுதான். ஆனா படத்த மறந்துட்டு வாசி. செலம்பரம்னு ஒன் வயசுப் பய. அண்ணன் சாவுக்குக் காரணமானவன வெட்டிப்புட்டு ஓடுதான். அப்பனும் மகனும் காடு, மலை, ஓடைன்னு எட்டு நாளு ஒளிஞ்சு திரியுதாக. பசிக்கும், தாகம் எடுக்கும், கெடச்சதத் திம்பாக. ஒளிஞ்சு திரியுத நேரத்துல அப்பன் பழைய கதையெல்லாம் சொல்லுவான், மகன் கேப்பான். எனக்கு அதுல பிடிச்சது அந்தப் பேச்சுதான். நீயும் ஒங்கப்பனும் போன்ல பேசுததக் கேட்டேன். அவன் "சாப்டியா"ங்கான், நீ "ம்"ங்கே. அவன் "படிச்சியா"ங்கான், நீ "ம்"ங்கே. ஒரு கொலையப் பண்ணிட்டுக் காட்டுக்குள்ள ஓடினாத்தான் நீங்க ரெண்டு பேரும் வாய் தொறந்து பேசுவீங்க போலிருக்கு.

கோடையில நம்ம காட்டப் பாத்திருக்கேல்லா? பருத்திமாரப் புடுங்கின பெறவு, கால வச்சா உள்ள போற அளவுக்குப் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். டவுனுக்காரன் பாத்தா நெலம் வீணாக் கெடக்குன்னுவான். அந்த வெடிப்பு வழியாத்தான் மொத மழ அடியாழத்துக்கு எறங்கும். பத்து மாசம் வெதச்சு, களையெடுத்து, மருந்தடிச்ச பய மண்டையும் ஒரு மாசம் அப்படி வாயப் பொளந்துக்கிட்டு சும்மா கெடக்கணும்லே. பாத்தியா, கடைசியில நானும் பிரயோசனத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டேன். ஒங்கத்தை வாடை அடிச்சிருச்சு. அத விடு.

வெயிலு தாங்கலன்னா ரஷ்யாவுக்குப் போயிரு. எனக்கு வாலிபத்துல அப்படி ஒரு வழி இருந்துச்சு. டால்ஸ்டாயோட 'போரும் வாழ்வும்', டி.எஸ். சொக்கலிங்கம் தமிழ்ல கொண்டுவந்தது. மாஸ்கோவுல இருந்து நெப்போலியன் பட திரும்பி ஓடுது, பனியில கொத்துக் கொத்தா விழுந்து சாவுறானுக. இங்க எனக்கு முதுகுல வேர்வ ஆறா ஓடுது. அன்னிக்கு ஊருல எனக்கு மட்டும்தான் குளுந்துச்சு. பேருதான் சனியன். ஒருத்தனுக்கே மூணு பேரு, மூணும் நாக்குல நிக்காது. நான் எல்லாருக்கும் ஊருப் பட்டப்பேரா வச்சுட்டேன். தடியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, எங்க போனாலும் எடக்கு மொடக்கா மாட்டிக்கிடுத பியருக்குக் 'கண்ணாடி'. சீமைக்காரன் சண்டையில என் கண்ணாடி சாகக் கூடாதேன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். சாகல. பொங்க வச்சேன், என்னத்துக்குன்னு ஒங்காச்சிக்கு இன்னும் தெரியாது.

இன்னும் சில்லறை விசயம் இருக்கு. ஒரு நாவல் ஒட்டலையா, மூடி வையி. பாதியில விட்டா சாமி குத்தம் ஒண்ணுமில்ல, எழுதினவரு வந்து கேக்கவும் மாட்டாரு. போன ஒங்காச்சிகிட்ட குடுத்து அரிசிப் பானைக்குள்ள போடச் சொல்லு. பொஸ்தகத்தையும் காப்பித் தம்ளரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்து ஊருக்குக் காட்டுத வேலையெல்லாம் இங்கன வேண்டாம். காப்பி ஆறிப்போவும், கதையும் ஆறிப்போவும். அழுகை வந்தா கெணத்தடிப் பக்கம் போயி அழு, யாரும் கேட்டா கண்ணுல தூசின்னு சொல்லு. இந்த ஊருல தூசிக்குப் பஞ்சமில்ல, நம்பிருவாக. தூக்கம் வந்தா தூங்கு. நெஞ்சுல பொஸ்தகத்தக் கவுத்துப் போட்டுக்கிட்டுத் தூங்குத தூக்கம் இருக்கே, அதுக்காகவே வாசிக்கலாம். 'ஒரு புளியமரத்தின் கதை'யில தாமோதர ஆசான்னு ஒரு கெழவர் வருவாரு. சுத்திப் பயலுகள உக்கார வச்சுக்கிட்டுக் கதை கதையா அளப்பாரு. எது நெசம் எது புளுகுன்னு பிரிக்கவே முடியாது. சுந்தர ராமசாமிய நான் நேர்ல பாத்ததேயில்ல, ஆனா என்ன எங்கயோ பாத்திருக்காருன்னுதான் நெனைக்கேன்.

பொஸ்தகத்துக்குக் காசு எங்கன்னு கேக்கியா? கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிட்டு, ஆளாளுக்கு அச்சடிச்சு மலிவா விக்கிறான். அதுகூட ஒங்கப்பன் வாங்கித் தர மாட்டான். தர வேண்டாம், அவன் ஏற்கனவே குடுத்தாச்சு. வீட்டு வரி ரசீத எடுத்துப் பாரு, நூலக வரின்னு ஒண்ணு தனியா இருக்கும். வரி நூறு ரூவான்னா அதுக்கு மேல பத்து ரூவா. 1948-ல போட்ட நூலகச் சட்டத்துல இருந்து வார ஏற்பாடு. வருசா வருசம் காசக் கட்டிட்டு, ஒரு பொஸ்தகம்கூட எடுக்காம வாரான். இம்புட்டுக் கணக்குப் பாக்குத மனுசன் இத எப்படி விட்டான்னுதான் எனக்குப் புரியல. கட்டின காசுக்குச் சாமான் வாங்க வந்திருக்கேன்னு நெஞ்ச நிமுத்திக்கிட்டுப் போ.

நூலகத்துக்கெல்லாம் இலக்கணம் எழுதின ரங்கநாதன் சீர்காழிக்காரரு. மொதல்ல அவரு கணக்கு வாத்தியாரு. கணக்க விட்டுட்டு சென்னப் பல்கலைக்கழக லைப்ரரிக்குப் போனவரு. ஒங்கப்பன் கேட்டா இத மட்டும் அழுத்திச் சொல்லு. 1931-ல மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டியில பொஸ்தகத்த ஏத்தி ஊரு ஊரா அனுப்பினாக. மாடு அன்னிக்குப் பொஸ்தகத்த இழுத்துக்கிட்டு மனுசனத் தேடி வந்துச்சு. நம்ம வீட்டுல இருந்து லைப்ரரி கூப்புடுத தூரம், அதுக்கே காலு வலிக்குதுங்கே.

வெள்ளிக்கெழம லைப்ரரி லீவு, ரெண்டாஞ் சனிக்கெழமையும் லீவு. இன்னிக்கு வியாழன். வெயிலு தாழ்ந்ததும் ஒங்காச்சி சைக்கிளுக்குக் காத்தடிச்சு வச்சிருப்பா, எடுத்துக்கிட்டு ஓடு. மொதப் பாகத்தோட ரெண்டாம் பாகத்தையும் சேத்து எடுத்துட்டு வா. நீ மொதப் பாகத்த முடிக்குத வரைக்கும் ரெண்டாவது எங்கிட்ட இருக்கட்டும்.